கியர் கழலாத பழைய டிராக்டர்: பைப்பைத் தேடும் முன் பார்க்க வேண்டியவை

கியர் ராடு அசையவில்லை என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, ஒரு நீளமான இரும்புப் பைப்பை எடுத்து ராடின் தலையில் செருகி, காலை உதைத்து வைத்து ஒரே இழுப்பாக இழுப்பது. நானும் அப்படி இழுத்திருக்கிறேன். மூன்று சிலிண்டர் பழைய வண்டி, ஒரு மழைக்காலம் முழுக்க வெளியிலேயே நின்றது, இரண்டாவது கியரில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்த இழுப்பில் ராடு "டக்"கென்று வந்தது, கியர் வரவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பல்சக்கரத்தைத் தள்ளும் ஃபோர்க் ஒரு பக்கமாக வளைந்து கிடக்கிறது. இத்தனைக்கும் கியர் மாட்டியதற்குக் காரணம், ஒரு சின்ன பால்ரஸ் குண்டு துருப்பிடித்துத் தன் குழியிலேயே உட்கார்ந்துவிட்டதுதான். ஒரு காலை நேரத்தில் முடிய வேண்டிய வேலை, வண்டியை இரண்டாகப் பிரிக்கும் வேலையாகிவிட்டது.

அதற்குப் பிறகு நான் கைவைத்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில், கியர்பாக்ஸின் அடியில் எதுவும் உடைந்திருக்கவில்லை. சிக்கல் மேல்மூடிக்குக் கீழே ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே இருந்தது, இல்லையென்றால் கியர்பாக்ஸிலேயே இல்லாமல் கிளட்சில் இருந்தது. அதனால் எது மாட்டியிருக்கிறது என்று தெரியும் வரை ராடில் கையின் பலத்துக்கு மேல் எதையும் காட்டாதீர்கள். இந்த வேலையில் முக்கால் பங்கு அதுதான்.

முதலில் உயிர் விஷயம்

கியரில் மாட்டிய டிராக்டரைத் தரையில் நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளில் திருப்புளியை வைத்து ஷார்ட் செய்து கிளப்பவே கூடாது. நீங்கள் நிற்கும் இடம் பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். இன்ஜின் பிடித்த நொடியே வண்டி நகரும், ஒதுங்க நேரம் இருக்காது. டிராக்டர் ஏறி ஆட்கள் இறந்த விபத்துகளில் இந்த வகை உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது. கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாதபடி பல வண்டிகளில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருப்பார்கள். 1946ல் வந்த ஃபெர்குசன் டிஇ20 வண்டியில் கியர் ராடையே ஸ்டார்ட்டர் சுவிட்சாக வைத்தார்கள். ராடை 'எஸ்' என்ற நிலைக்குத் தள்ளினால்தான் இன்ஜின் சுற்றும், அந்த நிலையில் எந்தக் கியரும் விழுந்திருக்காது. அவ்வளவு பழைய காலத்திலேயே யோசித்து வைத்த பாதுகாப்பை வயரைச் சேர்த்து முறுக்கித் தாண்டிப் போகாதீர்கள்.

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள், பின்னால் மாட்டியிருக்கும் கருவியைத் தரையில் இறக்கிவிடுங்கள், பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். கியரில்தானே நிற்கிறது, நகராது என்று நம்ப வேண்டாம். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய நொடியே டிஃபரென்ஷியல் (இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுப்பு) வழியாக அந்தப் பிடிப்பு போய்விடும், தரையில் இருக்கும் சக்கரம் உருளத் தொடங்கும்.

எது மாட்டியிருக்கிறது?

இன்ஜினை நிறுத்திவிட்டுக் கியரை மாற்றிப் பாருங்கள். நின்ற நிலையில் எல்லாக் கியரும் சாதாரணமாக விழுகிறது, இன்ஜின் ஓடும்போது மட்டும் கரகரவென்று பல் அரைக்கிறது என்றால் கியர்பாக்ஸைத் தொடாதீர்கள், உங்கள் பிரச்சினை கிளட்ச்.

ராடு கஞ்சி கிண்டும் கரண்டி போல எல்லாப் பக்கமும் லொடலொடவென்று ஆடுகிறது, எந்தக் கியரும் கிடைக்கவில்லை என்றால் ராடின் கீழ்முனை, கியரைத் தள்ளும் செலக்டரின் காடியை (முனை உட்காரும் பள்ளத்தை) விட்டு வெளியே வந்துவிட்டது என்று பொருள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இருப்பதிலேயே எளிய வேலை இது.

ராடு ஒரே இடத்தில் இறுகி நிற்கிறது என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது, இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். கட்டைகளைச் சற்றுத் தள்ளி வைத்து, ஒரு சாண் உருள மட்டும் இடம் விடுங்கள். ஒருவர் இருக்கையில் அமர்ந்து கிளட்சை முழுவதும் மிதிக்கட்டும், இரண்டு மூன்று பேர் வண்டியைத் தள்ளுங்கள். வண்டி உருண்டால் கிளட்ச் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு கியர் மட்டும் மாட்டியிருக்கிறது. தள்ளும்போது ஃபேன் பெல்ட்டும் சேர்ந்து அசைந்தால் கிளட்ச் பிரியவில்லை. சக்கரம் பூட்டியது போல நிற்கிறது, இன்ஜினும் அசையவில்லை என்றால் இரண்டு கியர் ஒன்றாக விழுந்திருக்கலாம், அல்லது பிரேக் துருப்பிடித்துப் பிடித்திருக்கலாம். இதைப் பிரித்தறிய, கிளட்சைக் கட்டையால் மிதித்து நிறுத்திவிட்டுப் பின்சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கி (அச்சுக் கூட்டுக்குக் கீழே கனமான ஸ்டாண்டு வைத்துத்தான்) கையால் சுற்றிப் பாருங்கள். ஒன்று சுற்றுகிறது, மற்றது சுற்றவில்லை என்றால் சுற்றாத பக்கத்து பிரேக். இரண்டுமே சுற்றவில்லை என்றால் கியர்பாக்ஸ் பூட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஹை, லோ என்று தனி ராடு உள்ள வண்டியாக இருந்தால் அதை நடுநிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். அப்போது சக்கரம் தாராளமாகச் சுற்றினால் பிரேக்கில் குற்றமில்லை, பூட்டு மெயின் பாக்ஸில்தான்.

மூடியைத் திறக்காமல் செய்யக்கூடியவை

சரிவில் கியர் போட்டு நிறுத்திய வண்டியில் மொத்த எடையும் கியர் பற்களின் மேல் ஏறி நிற்கும். பல்லும் பல்லும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும்போது அவற்றைப் பக்கவாட்டில் நகர்த்தவே முடியாது, எவ்வளவு பலம் போட்டாலும் சரி. கிளட்சை மிதித்தபடி வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். சக்கரம் அரை விரல் அளவு அசைந்தால் போதும். முன்னுக்குப் போய்ப் பின்னுக்குத் திரும்பும் அந்த நடுப்புள்ளியில் பற்களின் மேல் பாரமே இருக்காது, ஒருவர் ராடை நியூட்ரல் பக்கமாக லேசாக இழுத்துப் பிடித்தபடி இருந்தால் அந்த நேரத்தில் தானாகக் கழன்று வரும். கையில் அது தெரியும்: இறுகி நின்ற ராடு திடீரென்று வெண்ணெயில் இழுத்தது போல வரும். பத்து நிமிடமாவது ஆட்டிப் பாருங்கள், இரண்டு ஆட்டில் விட்டுவிடாதீர்கள். பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிக்கு இன்ஜினின் சுழற்சியைக் கொடுக்கும் இணைப்பு) ராடு மாட்டியிருந்தாலும் இதே வழிதான், பின்னால் இருக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கையால் இரு பக்கமும் திருப்பிக்கொண்டே ராடைத் தள்ள வேண்டும்.

ராடு காடியை விட்டு வந்த வண்டியில், ராடைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைத் தூக்கிவிட்டு மேல்மூடியில் ராடைப் பிடித்திருக்கும் தொப்பியைக் கழற்றினால், பல மாடல்களில் ராடு ஸ்பிரிங்கோடு மேலே வந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள், செலக்டர் காடிகள் தெரியும். விலகியிருக்கும் காடியைப் பெரிய திருப்புளியால் மற்றவற்றோடு நேராகத் தள்ளிவிட்டு ராடைத் திரும்ப இறக்கினால் வண்டி ஓடும். ஆனால் அது ஏன் வெளியே வந்தது என்று பாருங்கள். ராடின் உருண்டை முனை தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ராடு சுழலாமல் தடுக்கும் சின்னப் பின் தேய்ந்திருக்கும். அதை மாற்றாவிட்டால் உழவு நடுவில் திரும்பவும் வரும்.

கிளட்ச் ஒட்டிக்கொண்டால்

மாதக் கணக்கில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவினால், இன்ஜினோடு சுற்றும் கனமான ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்வது சாதாரணம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் பெடலின் கீழே பாருங்கள்: இணைப்புக் கம்பி வளைந்திருக்கிறதா, பின் தேய்ந்திருக்கிறதா, கையேட்டில் சொன்னதைவிட ஃப்ரீ பிளே (பெடல் வேலை செய்யாமல் சும்மா நகரும் தூரம்) கூடியிருக்கிறதா. பெடல் பாதி தூரம் வீணாகப் போனால் கிளட்ச் எப்படிப் பிரியும்?

அது சரியாக இருந்தால் பெடலை முழுவதும் அமுக்கி, இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே கட்டை கொடுத்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் உயர்ந்த கியரில் போட்டு, பெடல் அமுங்கியபடியே வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்ஜினின் கம்ப்ரஷன் ஃபிளைவீலைப் பிடித்துக்கொள்ளும், சக்கரம் பிளேட்டை இழுக்கும், இடையில் இருக்கும் துரு உடையும். கிளட்ச் கூட்டின் பக்கத்திலோ அடியிலோ சிறிய சோதனை மூடி இருந்தால் அதைக் கழற்றி, மெல்லிய தகட்டைப் பிளேட்டுக்கும் ஃபிளைவீலுக்கும் இடையே செருகி மெதுவாகப் பிரிக்கலாம். இன்ஜினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வட்டம் முழுக்கச் செய்யுங்கள். இங்கே எண்ணெய் எதையும் பீய்ச்சாதீர்கள். துரு போகும், ஆனால் பிளேட்டின் லைனிங் எண்ணெய் குடித்துவிட்டால் அதன் பிறகு கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

எண்ணெய் சொல்லும் செய்தி

மூடியைத் திறப்பதென்று முடிவானால் முதலில் அடியில் இருக்கும் டிரெய்ன் போல்ட்டைப் பாருங்கள். அதைச் சட்டென்று கழற்றாமல் நாலைந்து புரி மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் தங்கியிருக்கும், அதனால் உள்ளே தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் எவ்வளவு என்று தெளிவாகத் தெரியும். பால் போல வெளுத்து வந்தால் தண்ணீரோடு வண்டி ஓடியிருக்கிறது. வெள்ளிப் பொடி போல மின்னுவது பழைய வண்டியில் எதிர்பார்க்கக்கூடியதுதான். விரலில் உறுத்தும் துண்டு, பல்லின் முனை, பேரிங் கூட்டின் தகடு இவற்றில் எது வந்தாலும் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. மேல்மூடியோடு அந்த வேலை முடியாது.

பழைய டிராக்டர் பலவற்றில் கியர்பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். வடிக்கும்போது 25 லிட்டருக்கு மேல் வரலாம், அதனால் சின்ன வாளியை நம்பி உட்காராதீர்கள்.

தண்ணீர் எப்படிப் போனது என்று கேட்டால், பெரும்பாலும் கியர் ராடைச் சுற்றியுள்ள அந்த ரப்பர் உறை வழியாகத்தான். வெயிலில் வெடித்துவிடும். மழை நீர் ராடு வழியே இறங்கும், பகலில் சூடாகி ஆவியாகி, இரவில் மூடியின் உட்பக்கம் படிந்து சொட்டும். எண்ணெயில் மூழ்கிய பல்சக்கரங்களுக்கு எதுவும் ஆகாது. எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்கும் செலக்டர் ஷாஃப்ட்டுகளும் பால்ரஸ்களும்தான் துருப்பிடிக்கும். அதனால்தான் சிக்கல் மேலேயே இருக்கிறது என்று ஆரம்பத்தில் சொன்னேன்.

மூடியைத் திறந்த பிறகு

மூடியைச் சுற்றியுள்ள மண்ணையும் பழைய கிரீஸையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் போல்ட்டில் கைவைக்க வேண்டும். மூடி கனமாக இருக்கும், நேர் மேலாகத் தூக்குங்கள். சட்டைப் பையில் இருக்கும் பேனா, போன் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள்.

உள்ளே பக்கத்தில் பக்கத்தில் செலக்டர் ஷாஃப்ட்டுகள் இருக்கும், பொதுவாக இரண்டு அல்லது மூன்று. ஒவ்வொன்றிலும் ராடின் முனை உட்காரும் காடி ஒன்று, பல்சக்கரத்தின் பள்ளத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஒன்று. எல்லாக் காடியும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் நியூட்ரல். ஒன்று விலகியிருந்தால் அந்தக் கியர் விழுந்திருக்கிறது. இரண்டு விலகியிருந்தால் இரண்டு கியர் விழுந்து வண்டி பூட்டிக்கொண்டிருக்கிறது. எதையும் தொடுமுன் போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலகிய ஷாஃப்ட்டை நேராக்கத் தட்டையான கம்பியை ஃபோர்க்கின் அடிப்பாகத்தில், ஷாஃப்ட்டை ஒட்டி வைத்து நெம்புங்கள். ஃபோர்க்கின் கால் நுனியில் வைத்து நெம்பினால் என்னுடையதைப் போல வளையும், பழைய வார்ப்பாக இருந்தால் முறிந்தேவிடும். நெம்பும்போதே இன்னொருவர் சக்கரத்தை லேசாக ஆட்டட்டும், பாரம் இறங்கினால்தான் வரும்.

வரவில்லையா? அப்போது பால்ரஸ்ஸைப் பாருங்கள். ஒவ்வொரு ஷாஃப்ட்டிலும் சின்னப் பள்ளங்கள் வெட்டியிருக்கும், ஸ்பிரிங் தள்ளும் குண்டு ஒன்று அதில் உட்கார்ந்துதான் கியரை இடத்தில் நிறுத்துகிறது. அந்த ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு ஸ்க்ரூவோ தகடோ இருக்கும். அதைக் கழற்றினால் ஸ்பிரிங் மேலே வர வேண்டும், குண்டு காந்தத்தில் ஒட்டி வர வேண்டும். குண்டு வராமல் பழுப்புத் துருவோடு இறுகியிருந்தால் உங்கள் குற்றவாளி கிடைத்துவிட்டது. துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருங்கள். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் சம அளவு கலந்தாலும் நன்றாக ஊடுருவும், ஆனால் அது சட்டென்று தீப்பற்றும், பக்கத்தில் நெருப்பே இருக்கக் கூடாது. அப்புறம் பித்தளைக் கம்பியை வைத்து லேசாகத் தட்டுங்கள், திரும்ப எண்ணெய் விடுங்கள், திரும்பத் தட்டுங்கள். எண்ணெய் ஆவி நிறைந்த பெட்டிக்குள் கேஸ் விளக்கைக் காட்டிச் சூடு பண்ணுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். குண்டும் ஸ்பிரிங்கும் எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதற்கே திரும்பப் போக வேண்டும், நீளம் மாறலாம்.

காடிகள் நேராக இருக்கின்றன, ஆனாலும் கியர் விழுந்தே இருக்கிறது என்றால் ஃபோர்க்கை ஷாஃப்ட்டோடு பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கும். ஷாஃப்ட் நகரும், ஃபோர்க் நகராது. இந்த போல்ட்டுகளின் தலையில் ஓட்டை போட்டு மெல்லிய கம்பியால் கட்டியிருப்பார்கள், பழைய கம்பி அறுந்தால் அதிர்விலேயே தளர்ந்துவிடும். இறுக்கிவிட்டுப் புதுக் கம்பி கட்டுங்கள், இறுகும் திசையில் இழுக்கும்படி. வெறுமனே இறுக்கிவிட்டு மூடினால், மூடியைத் திரும்பத் திறக்கத்தான் வேண்டும்.

இரண்டு கியர் ஒன்றாக விழுந்த வண்டியில் இரண்டையும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்ததும் வேலை முடியவில்லை. ஷாஃப்ட்டுகளுக்கு இடையே ஒரு குட்டிப் பின் அல்லது குண்டு இருக்கும். ஒரு ஷாஃப்ட் நகர்ந்தால் அது பக்கத்து ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் போய் அதை நகரவிடாமல் பூட்டும். அது தேய்ந்திருந்தாலோ, முன்பு திறந்தவர் திரும்பப் போட மறந்திருந்தாலோ இரண்டும் விழும். ஒரு ஷாஃப்ட்டைக் கியருக்குத் தள்ளிவிட்டு மற்றதைக் கையால் தள்ளிப் பாருங்கள், அசையவே கூடாது. அசைந்தால் அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். ஓட்டத்தில் இரண்டு கியர் விழுந்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிவிடும்.

எங்கே நிறுத்த வேண்டும்

பல் உடைந்திருக்கிறது, பல்சக்கரங்களைத் தாங்கும் ஷாஃப்ட்டைக் கையால் தூக்கினால் மேலும் கீழும் ஆடுகிறது, ஃபோர்க் வளைந்திருக்கிறது என்றால் பல மாடல்களில் வண்டியை நடுவில் பிரித்துத்தான் ஆக வேண்டும். பழைய டிராக்டர் பலவற்றுக்குத் தனிச் சேஸ் கிடையாது, இன்ஜினும் கியர்பாக்ஸும்தான் உடம்பு. முன் அச்சு நடுவில் ஒரு பின்னில் ஊசலாடுவதால், பிரித்த நொடியே இன்ஜின் பக்கவாட்டில் சாயும். அச்சுக்கும் உடம்புக்கும் இடையே இரு பக்கமும் ஆப்பு அடிக்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது. இதற்கென்று உள்ள ஸ்டாண்டும், ஏற்கனவே செய்த கையும் இல்லாமல் இரண்டு ஜாக்கியை நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இதைத் தெரிந்தவரிடம் கொடுப்பதில் குறை ஒன்றுமில்லை.

திரும்ப மூடும்போது

தண்ணீர் போயிருந்தால் கொஞ்சம் டீசலை உள்ளே விட்டு ஷாஃப்ட்டுகளைப் பிரஷ்ஷால் கழுவி முழுவதும் வடித்துவிடுங்கள். டீசலோடு வண்டியை ஓட்டாதீர்கள். அடியில் காந்தத்தை விட்டு ஒரு முறை துழாவுங்கள். ஷாஃப்ட்டுகளின் மேல் எண்ணெய் தடவி, ஒவ்வொன்றையும் கையால் எல்லாக் கியருக்கும் தள்ளி நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எல்லாக் காடியும் நேராக, ராடும் நியூட்ரலில் இருக்கும்போது மூடியை இறக்குங்கள். புது பேக்கிங் போடுங்கள். போல்ட் போடுமுன்பே ராடை எல்லாக் கியருக்கும் போட்டுப் பாருங்கள், முனை காடிக்குள் உட்காராமல் இறுக்கிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

எண்ணெய்க்குக் கையேட்டில் உள்ள தரத்தையே வாங்குங்கள். பழைய பாக்ஸில் வெண்கல புஷ்கள் இருந்தால் ஜிஎல்-5 தரக் கியர் ஆயிலில் உள்ள சேர்மானங்கள் அவற்றை அரிக்கக்கூடும், பழைய வண்டிக்கு ஜிஎல்-4 தான் பெரும்பாலும் பொருந்தும். ஹைட்ராலிக்கும் அதே எண்ணெயில் ஓடினால் இரண்டுக்கும் சேர்த்துச் சொன்னதைத்தான் ஊற்ற வேண்டும்.

இன்ஜின் ஓடாமல் எல்லாக் கியரும் விழுகிறதா பார்த்துவிட்டு, பேட்டரியை மாட்டி, இருக்கையில் அமர்ந்து, நியூட்ரலில் கிளப்புங்கள். முன்னால் யாரும் நிற்காத திறந்த இடத்தில் குறைந்த கியரில் சிறிது தூரம், பிறகு நிறுத்தி அடுத்த கியர். பல்சக்கரமே நகர்ந்து இணையும் பழைய ஸ்லைடிங் கியர் வண்டிகளில் ஓட்டத்தில் மாற்றினால் பல் முனைதான் தேயும், நின்றே மாற்றுங்கள். பத்து மணி நேரம் ஓடிய பிறகு டிரெய்ன் போல்ட்டை மறுபடி நாலு புரி தளர்த்தி, அந்தக் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தங்கினால் ரப்பர் உறையை இன்னும் மாற்றவில்லை என்று அர்த்தம்.